மஞ்சள் தடவிய பட்ஜெட்

எங்கள் ஜி.எம். பக்தவத்சலத்துக்குப் பழைய கணக்கு என்றாலே ஆகாது. “முடிஞ்சத எதுக்கும்மா கிளறிக்கிட்டு, முன்னாடி பாரு” என்பார். கேட்க நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும். காலண்டரில் அச்சடித்துக்கூட மாட்டலாம். அந்த வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய அயோக்கியத்தனத்தை மடித்து வைக்க முடியும் என்பது இந்த ஜனவரியில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் ஜெஸ்ஸி. திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடற்கரையை ஒட்டி இருக்கிற ஒரு ரிசார்ட்டில் ஃபைனான்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரப்போவதை எழுதுவதுதான் என் வேலை. வருடம் பிறப்பதற்கு முன்னால், எத்தனை அறை நிரம்பும், எத்தனை கல்யாணம் நடக்கும், அதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று போட்டு ஓனரிடம் கையெழுத்து வாங்குவது பட்ஜெட். அப்புறம் மாதா மாதம், நடப்பதைப் பார்த்து மிச்ச மாதங்களைத் திருத்திப் போடுவது ஃபோர்காஸ்ட். வீட்டில் என்னை ஜோசியக்காரி என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஜோசியக்காரர் போன வருடம் சொன்னதை யாரும் எழுதி வைத்துக்கொண்டு போய்க் கேட்பதில்லை. நாங்கள் கேட்க வேண்டும். சொன்னது என்ன, நடந்தது என்ன, எங்கே தவறினோம் என்று பார்க்கத்தானே இந்த வேலையே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எக்செல்லை விட்டுவிட்டு ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கினோம். விற்க வந்தவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். ஓனர் கையெழுத்துப் போட்ட அன்றே பட்ஜெட்டைப் பூட்டிவிடுங்கள், ஒவ்வொரு மாத ஃபோர்காஸ்ட்டையும் தேதி போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள், யாரும் பிறகு கை வைக்க முடியாது, அதற்கு மட்டும் தனி சந்தா என்றார்கள். பக்தவத்சலம் அந்தச் சந்தாவை வெட்டினார். வீண் செலவாம். அதே மாதம் லாபியில் நிறுத்துவதற்கு மாமல்லபுரத்துப் பட்டறையிலிருந்து ஒரு கல் யானை வாங்கினார். அந்த யானையின் விலைக்கு நூறு வருடத்துச் சந்தா கட்டியிருக்கலாம்.

“ஒரே கம்பெனி, ஒரே ஃபைல், ஒரே உண்மை” என்று மீட்டிங்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பழையதை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளக் கூடாது, மெயிலில் ஃபைல் அனுப்பக் கூடாது, லிங்க் மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவும் போட்டார். லிங்க் என்பது ஜன்னல் மாதிரி. நேற்று பார்த்தது இன்றைக்கு அதில் தெரியாது. இன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். நான் மட்டும் எழுந்து, “சார், பழைய பட்ஜெட் அழிஞ்சிட்டா அப்புறம் யார் என்ன சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “யார் சொன்னாங்கன்றது முக்கியம் இல்லம்மா, டீம் ஒர்க்” என்றார். அதற்கும் ஒரு கைதட்டல்.

எங்கள் கணக்கு வருடம் ஏப்ரலில் பிறக்கும்; போன பிப்ரவரியில் இந்த வருடத்துப் பட்ஜெட்டைப் போட்டேன். நூறு அறைக்கு அறுபது நிரம்பும் என்று எழுதினேன். அதுவே கொஞ்சம் தாராளம்தான். பக்தவத்சலம் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது, சாவு வீட்டுக் கணக்கு மாதிரி? பக்கத்துல யாரு இருக்காரு? நித்யகல்யாணப் பெருமாள். கல்யாணம் ஆகலன்னு மாலை வாங்கிட்டுப் போறவங்க எத்தனை ஆயிரம் பேர்? அதுல நூத்துல ஒரு ஜோடி நம்ம புல்வெளில கல்யாணம் பண்ணாக்கூட போதும். எண்பதுன்னு போடு.”

போட்டேன். அவர் ஜி.எம். எங்கள் ஓனர் செங்கல்வராயனுக்குச் செங்கல்பட்டில் இரண்டு மண்டபம், ஒரு அரிசி ஆலை. மாதத்துக்கு ஒரு முறைதான் ரிசார்ட் பக்கம் வருவார். எண்பதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். எண்பது அறை நிரம்பினால் எண்பது அறையையும் யாராவது பெருக்க வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும், பாத்ரூம் கழுவ வேண்டும். அதனால் ஹவுஸ்கீப்பிங்குக்குப் புதிதாகப் பதினெட்டு பேர் என்று பட்ஜெட்டிலேயே ஒரு வரி சேர்ந்தது. பக்தவத்சலம் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருக்கிற சந்திரம்மாவை என் எதிரிலேயே கூப்பிட்டு, ஏப்ரலுக்குள் ஆள் எடுக்கச் சொன்னார்.

சந்திரம்மா பூஞ்சேரிக்காரர். ரிசார்ட் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். யாரிடமும் குழைந்து பேச மாட்டார், யார் குழைந்தாலும் மயங்க மாட்டார். “பதினெட்டு பேரா? ரூம் ரொம்புமா சார்?” என்று அன்றைக்கே கேட்டார். “அதெல்லாம் மேல நாங்க பாத்துக்கறோம், நீ ஆளப் புடி” என்றார் இவர். சந்திரம்மா தன் தெருவிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பதினெட்டு பெண்களைக் கொண்டு வந்தார். பாதிப் பேர் வேறு இடத்து வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்.

அறை நிரம்பவில்லை. கோடையில் வெயில், ஐப்பசியில் மழை, ஐம்பதைத் தாண்டவே முக்கினோம். மாதா மாதம் ஃபோர்காஸ்ட்டை இறக்கிக்கொண்டே வந்தேன். அதில் ஒன்றும் அவமானம் இல்லை. தப்பாகக் கணித்தோம், சரி செய்துகொள்வோம், அவ்வளவுதான். கார்த்திகையில் என் தம்பிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருக்கிற சர்ச்சில் கல்யாணம். லீவு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து சாஃப்ட்வேரைத் திறந்தால் ஃபோர்காஸ்ட் அப்படியே இருக்கிறது, பட்ஜெட் மாறியிருக்கிறது. எண்பது இருந்த இடத்தில் ஐம்பத்தைந்து. ஹவுஸ்கீப்பிங்கில் புது ஆள் என்ற வரியே இல்லை.

பட்ஜெட்டை எப்படி மாற்ற முடியும்? அது வருடம் தொடங்குவதற்கு முன் சொன்ன சொல். நடந்து முடிந்த பிறகு சொல்லை மாற்றினால், முதலிலேயே சரியாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். நேராக அவர் அறைக்குப் போனேன்.

“ரீபேஸ்லைன் பண்ணியிருக்கேம்மா, அடிப்படைக் கணக்கையே புதுசா போட்டாச்சு. ரியலிஸ்டிக்கா இருக்கட்டுமேன்னு.”

“பழைய பட்ஜெட் எங்க சார்?”

“எந்தப் பழசு?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எதற்காகச் செய்தார் என்பது ஜனவரியில் விளங்கியது. ஓனர் வந்தார். கணக்கைத் திறந்து பார்த்தார். மண்டபம், ஆலை என்று பத்துக் கணக்கு பார்க்கிறவருக்குப் போன வருடம் கையெழுத்துப் போட்ட எண் நினைவில் இல்லை. பட்ஜெட்டுக்கும் செலவுக்கும் எல்லாம் ஓரளவு ஒத்துப்போகிறது, ஹவுஸ்கீப்பிங் சம்பளம் மட்டும் சிவப்பாக எகிறி நிற்கிறது. யார் இந்தப் பதினெட்டு பேர் என்று கேட்டார். பக்தவத்சலம் யோசிக்கவே இல்லை. சந்திரம்மா யாரையும் கேட்காமல் தன் சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார், ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியதாகக்கூடக் கேள்வி என்றார். எண்பது என்று சொன்ன வாய் தப்பித்தது. நம்பி ஆள் எடுத்த பெண் திருடியானாள்.

அடுத்த நாள் சந்திரம்மா என் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பக்தவத்சலம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த ராஜினாமாக் கடிதம். அனுமதி இல்லாமல் பதினெட்டு பேரைச் சேர்த்ததையும், அதில் ஆதாயம் அடைந்ததையும் ஒப்புக்கொண்டு வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதி, கீழே சந்திரம்மா கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் போடாவிட்டால் போலீஸில் புகார் என்று வாயால் சொல்லியிருக்கிறார்.

“இங்கிலீஷ்ல எய்திட்டா எனக்குப் புரியாதுன்னு நெனச்சிகினாரு” என்றார் சந்திரம்மா. “இத்தினி வருசமா கெஸ்ட்டுங்ககிட்ட இங்கிலீஷ்ல திட்டு வாங்கிகினு கீறேன், எனக்கா புரியாது? ஜெஸ்ஸிம்மா, நீயே சொல்லு. ஆள் எடுன்னு அவரு சொன்னப்போ நீயும் அங்கதான நின்னுகினு இருந்தே?”

“நின்னேன்க்கா. நான் ஓனர்கிட்ட சொல்றேன்.”

“நீ சொல்லுவ, அவரு இல்லம்பாரு. யார் பேச்சு நிக்கும்? இத்துல நான் கையெய்த்து போட்டா, கோவளத்துலர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் எந்த ஓட்டல்ல எனக்கு வேல குடுப்பான்? வேல போனாக்கூட போட்டும். என் தெருப் பொண்ணுங்ககிட்ட நான் கமிஷன் துன்னேன்னு எய்திக்கீறானே, அந்தப் பொண்ணுங்க மூஞ்சில எப்டி முழிப்பேன்?”

அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட என்னால் கொஞ்சம் தாங்கியிருக்க முடியும். அந்தத் தாளை நீவி நீவி மடித்துக்கொண்டு போனார்.

நான் தேடினேன். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தேன். சந்தா இல்லாததால் பழைய நகல் எதுவும் அவர்களிடம் இல்லை, மன்னிக்கவும் என்றார்கள். மெயிலில் தேடினேன். பிப்ரவரியில் ஒரு மெயில், மார்ச்சில் மூன்று மெயில். எல்லாவற்றிலும் லிங்க். எந்த லிங்க்கைத் தட்டினாலும் அதே ஐம்பத்தைந்து வந்து பல்லைக் காட்டியது. நான் எண்பது என்று தட்டிய விரல்கள் இதோ இருக்கின்றன, எண்பது எங்கேயும் இல்லை. கொஞ்ச நேரம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா? நேற்று நடந்ததை நடந்தது என்று சொல்ல, அதைச் செய்தவளுக்கே துணிச்சல் போய்விடுகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் வராண்டாவில் சாம்பிராணி வாசனை. தோட்டத்தில் வேலை செய்யும் சாம் என்பவரின் மனைவி, புதிதாக வந்த பதினெட்டு பேரில் ஒருத்தி, சாமி அறை விளக்குகளைத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அறை திறந்திருந்தது. பெருமாள் படத்துக்குக் கீழே, பட்டுத்துணி விரித்த தட்டில், காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்தவத்சலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓனர் பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டதும், அந்த ஒரே ஒரு பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு திருவிடந்தைக் கோயிலுக்குப் போவார். பெருமாள் பாதத்தில் வைத்து அர்ச்சனை செய்து, நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து எடுத்து வந்து ஆபீஸ் சாமி அறையில் வைப்பார். வருடா வருடம் இது நடக்கும், சர்க்கரைப் பொங்கலும் வரும். பொங்கலைத் தின்றுவிட்டு நாங்கள் அந்தக் காகிதத்தை மறந்துவிடுவோம். அவரும் மறந்திருக்க வேண்டும். அல்லது மறக்காமல், கை வைக்கப் பயந்திருக்க வேண்டும். சாஃப்ட்வேரில் ஒரு வருடத்தையே துடைத்துப் போட்ட மனிதருக்கு மஞ்சள் பட்ட தாளைக் கிழிக்கக் கை வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மேலாக இருந்ததுதான் இந்த வருடத்துக் கட்டு. காய்ந்த துளசி ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் எண்பது. ஹவுஸ்கீப்பிங் பக்கத்தில் புது ஆட்கள் பதினெட்டு. அடியில் பக்தவத்சலம் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் ஓனர் கையெழுத்து. சத்தியமாகச் சொல்கிறேன், அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது.

மத்தியானம் ஓனர் அறையில் கூடினோம். ஓனர், பக்தவத்சலம், எதிரே நின்றபடி சந்திரம்மா. மேஜை மேல் அந்தக் கடிதமும் ஒரு பேனாவும் தயாராக இருந்தன. என்னை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், கட்டை ஓனர் முன்னால் வைத்தேன்.

“சார், இதுதான் நீங்க கையெழுத்துப் போட்ட பட்ஜெட். சாஃப்ட்வேர்ல இருக்கறது நவம்பர்ல மாத்தினது. பதினெட்டு பேருக்கு நீங்களும் ஜி.எம். சாரும்தான் அனுமதி கொடுத்திருக்கீங்க.”

பக்தவத்சலம் காகிதத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு கணம்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“சாமி ரூம்ல கை வைக்க உனக்கு யாரும்மா பர்மிஷன் கொடுத்தா?”

“சார், நான் கேக்கறது...”

“நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பெருமாள் பாதத்துல வச்சு எடுத்துட்டு வந்தது அது. நீ... உங்க வழக்கம் வேற. உனக்கு இதோட அருமை தெரியாது. அதுக்குன்னு ஒரு ஆச்சாரம் இல்ல? சார், பாருங்க சார், என்ன தைரியம்.”

ஓனரும் என்னைப் பார்த்தார். பட்ஜெட்டைப் பார்க்க வேண்டிய கண். நாங்கள் மூன்று தலைமுறைக்கு முன்னால் யார் நிலத்தில் கூலிக்கு இறங்கினோம் என்று அந்தப் பார்வை கணக்குப் போட்டது எனக்குத் தெரியாதா? எண்ணை அழித்தது குற்றம் இல்லை. அழிக்காமல் இருந்ததை என் கையால் எடுத்தேனே, அதுதான் குற்றம்.  பட்ஜெட் கட்டை ஓனர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

பேசியது சந்திரம்மாதான்.

“அந்த ரூம தெனம் பெருக்கித் தொடைக்கறது ஆரு சார்? எங்க ஆளுங்கதான? காலைல வெளக்கு தேய்ச்சது சாம் பொண்டாட்டி. அவளும் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவதான். அவ தேய்ச்ச வெளக்கத்தான நீ ஏத்தி கும்புட்ட? அப்போ வராத ஆச்சாரம் இப்போ எங்கர்ந்து வந்துச்சி?”

“நீ பேசாத சந்திரம்மா...”

“பேசாம எப்டி இருக்கறது? திருடின்னு எய்திக் குடுத்துட்டு பேசாதன்னா? மொதலாளி, நீ அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துகினு இருக்காத. பேப்பரப் பாரு. உன் கையெய்த்தா இல்லியா சொல்லு.”

ஓனர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கம். அப்புறம் ஹவுஸ்கீப்பிங் பக்கம். குங்குமம் அவர் விரலில் ஒட்டியது. அதை உதறக்கூட இல்லை, விரலைத் தூக்கிப் பிடித்தபடியே படித்தார்.

“இன்னாய்யா பக்தா, என் கையெழுத்து கீது? எண்பதுன்னு போட்டுகீது?”

“சார், அது... அது டிராஃப்ட் சார். ஃபைனல் வேற. ஃபைனல்தான் சிஸ்டத்துல...”

செங்கல்வராயன் கண்ணாடியைக் கழற்றினார்.

“டிராஃப்டயா பெருமாளு பாதத்துல கொண்டு போய் வச்சே?”

ஆம் என்றால் சாமியை ஏமாற்றினார், இல்லை என்றால் ஓனரை ஏமாற்றினார். மூன்றாவது பதில் ஒன்று இருந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தார், பெருமாளின் பேரில் ஒரு பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மனிதர்கள் பேரில் சொல்ல மட்டும் எவ்வளவு சுலபமாக எழுந்தது! தலையைக் குனிந்துகொண்டார்.

இனிமேலாவது ஓனர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். சந்திரம்மாவிடம் ஒரு வார்த்தை, தப்புதான் தாயி என்று, சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு கல்யாண மண்டபத்துச் சண்டையைத் தீர்த்துவைக்கிற மாதிரி கையை வீசினார்.

“சரி சரி, உடு. ஏதோ நடந்துச்சி. ஆளுங்க சீசன் முடியற வரைக்கும் இருக்கட்டும், அப்பால பாத்துக்கலாம். சந்திரம்மா, நீ போய் வேலயப் பாரு, ஒண்ணும் மனசுல வச்சுக்காத. பக்தா, அந்த லெட்டரக் கிழிச்சிப் போடு. எல்லாரும் போய் சாப்புடுங்க.”

அவ்வளவுதான். கமிஷன் தின்றாள் என்று சொன்னது, போலீஸ் என்று மிரட்டியது, எல்லாவற்றுக்கும் ‘ஏதோ நடந்துச்சி’. பக்தவத்சலத்துக்கு உயிர் வந்தது. முகத்தில் பழைய சிரிப்புகூடக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. “ஆமா சார், முடிஞ்சது முடிஞ்சிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை எடுத்து, கிழிக்க இரண்டு கையாலும் பிடித்தார்.

சந்திரம்மா மேஜையைச் சுற்றி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆபீஸில் ஜி.எம்.மின் கையை அப்படிப் பிடித்தவர்கள் யாரும் இல்லை.

“கியிக்காத.”

“உனக்குச் சாதகமாத்தானே செய்யறேன், சந்திரம்மா?”

“எனக்கு ஒண்ணும் செய்ய வாணாம். இன்னிக்கி இத்தக் கியிச்சிட்டு, நாளிக்கி வந்து ‘எந்த லெட்டரு’ன்னு கேப்ப. சிரிச்சிகினே கேப்ப. நீ என்னப் பத்தி இன்னா சொன்னன்னு உன் கையெய்த்தோட அப்டியே இருக்கட்டும்.” அவர் விரல்களிலிருந்து தாளை உருவி என்னிடம் நீட்டினார். “ஜெஸ்ஸிம்மா, இத்த எடுத்து வை.”

ஓனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காத்திருக்கவில்லை. பட்ஜெட் கட்டின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் அந்தக் கடிதத்தை வைத்து, இரண்டு பேருக்கும் முன்னாலேயே, ஓனர் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து நாலு மூலையிலும் அடித்தேன்.